ஒரே வண்டி, ஒரே உயிர்... பலகையில் மட்டும் ஏன் இத்தனை எண்?

(வாகன ஓட்டுநர்கள் மத்தியில் நமது கட்சி சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத நண்பர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசாப் படியுங்கள், பகிருங்கள்.)

ஸ்டீயரிங் பிடித்துப் பிழைக்கும் என் ஓட்டுநர் சகோதரர்களுக்கும், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் அவர்கள் வீடு திரும்பும் வரை விழித்திருக்கும் தாய்மார்களுக்கும், இதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

இன்னைக்கு நான் பேச வந்தது ஒரு எண்ணைப் பத்தி. சாலையோரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும் பாருங்க: 40, 60, 80, 100 என்று. அந்த எண்ணை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஏன் ஒரு நாட்டில் ஒன்றும், பக்கத்து நாட்டில் இன்னொன்றுமாக இருக்கிறது? கேட்க சின்ன விஷயமாத் தெரியும். ஆனால் இது உயிர் விஷயம்.

எங்கள் ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறார். பதினெட்டு வருஷம் வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, துபாய்ல பலகையில 100 போட்டிருந்தா 120 வரைக்கும் கேமரா கண்டுக்காது. அதே ரோட்டுல அபுதாபி எல்லைக்குள்ள போயிட்டா, என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஒண்ணு கூடினாலும் அபராதம். பழக்கத்துல ஓட்டுறவனுக்கு எல்லை தாண்டுனதே தெரியாது."

அண்ணன் சொன்னது சரிதான். துபாயும் அபுதாபியும் ஒரே நாடு. முன்பு இரண்டு இடத்திலுமே பலகை எண்ணுக்கு மேல் 20 கிலோமீட்டர் சலுகை உண்டு. 2018 ஆகஸ்டில் அபுதாபி அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, அதற்கு ஏற்பப் பலகை எண்களைக் கூட்டி எழுதியது. துபாய் பழையபடியே விட்டுவிட்டது. ஆக, சாலை ஒன்று. ஆனால் 100 என்ற எண்ணுக்கு அங்கே ஒரு அர்த்தம், இங்கே ஒரு அர்த்தம்.

ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், நாடு விட்டு நாடு போனால்?

ஒரு பயணம் போய்ப் பார்ப்போம். போலந்தின் தலைநகர் வார்சாவில் காரை எடுக்கிறீர்கள். ஜெர்மனி வழியாக நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் போக வேண்டும். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். போலந்தின் விரைவுச்சாலையில் உச்ச வேகம் 140. எல்லை தாண்டி ஜெர்மனியின் ஆட்டோபானுக்குள் நுழைந்தால், பல பகுதிகளில் உச்ச வரம்பே கிடையாது. 130-க்குள் போனால் நல்லது என்று ஒரு பரிந்துரை மட்டும்தான். அதையும் தாண்டி நெதர்லாந்துக்குள் நுழைந்தால், காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணி வரை 100-க்கு மேல் போகக் கூடாது.

140. அப்புறம் வரம்பில்லை. அப்புறம் 100. கார் மாறவில்லை. டயர் மாறவில்லை. ஓட்டுகிற நீங்களும் மாறவில்லை. மாறியது ஒரு கோடு, வரைபடத்தில் போட்ட கோடு.

சுற்றிலும் பாருங்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 120. ஆஸ்திரியாவில் 130. பிரான்சில் வெயில் நாளில் 130, மழை பெய்தால் 110. நம்ம மக்கள் அதிகம் வாழும் நாடுகளுக்கு வாங்க. மலேசியாவின் நெடுஞ்சாலையில் கார்களுக்கு 110. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குள் வந்தால் அதிகபட்சமே 90. இலங்கையின் அதிவேகப் பாதையில் 100.

இதைவிட வேடிக்கை அயர்லாந்தில். தெற்கே இருக்கும் அயர்லாந்துக் குடியரசு 2005 ஜனவரியில் பலகைகளைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டது. வடக்கே பிரிட்டனோடு இருக்கும் பகுதியில் இன்னும் மைல் கணக்குதான். நடுவில் வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. பலகையில் 50 என்று இருந்தால், தெற்கே அது 50 கிலோமீட்டர். வடக்கே அது 80 கிலோமீட்டர்! அசந்தால் 50-ல் போக வேண்டிய ஊருக்குள் 80-ல் நுழைந்துவிடுவீர்கள்.

சரி, ஒவ்வொரு நாடும் தன் சாலையை ஆராய்ந்து, விபத்துக் கணக்கைப் பார்த்துத்தானே எண்ணை வைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது உலகமே திண்டாடியது. பெட்ரோலை மிச்சப்படுத்த ஜெர்மனி அந்த நவம்பரில் ஆட்டோபானில் 100 என்று வரம்பு வைத்தது. நாலே மாதம். 1974 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். "சுதந்திரக் குடிமகனுக்குச் சுதந்திரப் பயணம்" என்று அங்கே இருந்த வாகன உரிமையாளர் சங்கம் முழக்கம் வைத்தது. அந்த முழக்கத்தை இன்று வரை எந்த அரசாலும் தாண்ட முடியவில்லை.

அதே எண்ணெய்த் தட்டுப்பாட்டில், 1974 ஜனவரியில், அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று ஒரே வரம்பைக் கொண்டுவந்தது. நம்ம கணக்கில் 88 கிலோமீட்டர். நெதர்லாந்து 2020 மார்ச்சில் பகல் வேகத்தை 130-லிருந்து 100-க்குக் குறைத்ததும் விபத்துக்காக அல்ல, காற்றில் கலக்கும் நைட்ரஜன் மாசுக்காக.

பார்த்தீங்களா? ஒரு நாட்டின் எண்ணை பெட்ரோல் பங்க் முடிவு செய்தது. இன்னொரு நாட்டின் எண்ணை ஒரு முழக்கம் முடிவு செய்தது. மூன்றாவது நாட்டில் புகை முடிவு செய்தது. சாலையில் போகிற மனிதனின் உடம்பு எவ்வளவு அடி தாங்கும் என்ற கேள்வி, கடைசியில்தான் வந்தது.

அந்தக் கேள்வியை முதலில் கேட்ட நாடு சுவீடன். 1997-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் 'விஷன் ஜீரோ' என்ற கொள்கையை ஏற்றது. சாலையில் சாவு என்பதே கூடாது, பூஜ்யம்தான் இலக்கு. மனிதன் தப்பு செய்வான், அவன் செய்யும் தப்புக்கு மரணம் தண்டனையாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

அதிலிருந்து ஒரு எளிய கணக்கு வந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பவரும் சைக்கிள்காரரும் வண்டியோடு கலந்து போகும் இடமா? 30.
வண்டிகள் குறுக்கே வந்து பக்கவாட்டில் மோத வாய்ப்புள்ள சந்திப்பா? 50.
நடுவில் தடுப்பு இல்லாமல் எதிரெதிரே வரும் சாலையா? 70.
நடுவில் தடுப்பு உண்டு, யாரும் குறுக்கே வர முடியாது என்றால் 100-ம் அதற்கு மேலும்.

இதில் நாட்டின் பெயர் எங்காவது வருதா? வராது. ஏன்னா, போலந்துக்காரனின் மண்டை ஓடும் பொள்ளாச்சிக்காரனின் மண்டை ஓடும் ஒரே எலும்புதான்.

வேகத்தின் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறாது. 100-ல் போகிறீர்கள். எதிரே ஒரு மாடு. பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியில் வண்டி 28 மீட்டர் போய்விடும். நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்றாலும் நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் சுமார் 83 மீட்டர். இப்போது 120-ல் போங்கள். நிற்க ஏறக்குறைய 113 மீட்டர். முப்பது மீட்டர்தானே கூடுது என்று நினைக்காதீர்கள். 100-ல் வந்த கார் எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தில் 120-ல் வந்த கார் இன்னும் 70 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் காருக்கு அது மூச்சு விட்ட இடம். ரெண்டாவது காருக்கு அது விபத்து நடந்த இடம்.

இதில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? சென்னையிலிருந்து திருச்சிக்கு சுமார் 330 கிலோமீட்டர். எங்கேயும் நிற்காமல் 100-லேயே போனால் 3 மணி 18 நிமிஷம். 120-லேயே போனால் 2 மணி 45 நிமிஷம். காகிதத்தில் 33 நிமிஷ லாபம். டோல்கேட்டும் டீக்கடையும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து நாலு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்றுக்கு நாலு. கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்க மாட்டான்.

அப்படின்னா உலகம் முழுக்க ஒரே எண்ணைப் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் நிதானமாக யோசிக்கணும். அமெரிக்கா அதைத்தான் செய்தது. 1973-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். 55 மைல் வரம்பு வந்த 1974-ல் சுமார் 45,000 பேர். பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்டமே குறைந்ததும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் ஆளே இல்லாத பாலைவன நெடுஞ்சாலைக்கும் அதே 55 என்றபோது மக்கள் மதிக்கவில்லை. 1987-ல் தளர்த்தினார்கள். 1995-ல் சட்டத்தையே எடுத்துவிட்டு மாநிலங்களிடம் கொடுத்துவிட்டார்கள். இன்று டெக்சாஸில் ஒரு சாலையில் 85 மைல், அதாவது சுமார் 137 கிலோமீட்டர்.

பாடம் என்ன? எல்லாச் சாலைக்கும் ஒரே எண் நிற்காது. ஒரே விதிதான் நிற்கும். எந்த மாதிரி சாலைக்கு எந்த எண் என்ற விதி ஒன்றாக இருக்கட்டும். அந்த எண்ணைச் சொல்லும் பலகையின் மொழி ஒன்றாக இருக்கட்டும். மீறினால் என்ன என்பது ஒளிவுமறைவில்லாமல் இருக்கட்டும். நமது கட்சி கேட்கும் பொதுத் தரம் இதுதான்.

நடக்கிற காரியமா என்றால், ஏற்கெனவே நடந்திருக்கிறது. காருக்கு ஆளுக்கொரு எண் வைத்திருக்கும் அதே ஐரோப்பா, கனரக லாரிகளுக்கு என்ன செய்தது தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கனரக லாரியில் 90-க்கு மேல் போக முடியாதபடி கருவி பொருத்த வேண்டும் என்று ஒரே விதி. பேருந்துக்கு 100. போலந்து லாரியாக இருந்தாலும் போர்ச்சுகல் லாரியாக இருந்தாலும் அதேதான். 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும், சாலையின் வேக வரம்பைக் கண்டறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி கட்டாயம். மனசிருந்தால் எல்லை தடையில்லை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் கணக்கு. அதிக எண்ணிக்கையில் விபத்து நடந்த மாநிலம் எது? நம்ம தமிழ்நாடு: 64,105 விபத்துகள். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு மிகச் சிறியது. ஆனால் மூன்று சாவில் ஒன்றுக்கு மேல் அங்கேதான் நடக்கிறது.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி மத்திய அரசு உச்ச வரம்பு வைக்கும், மாநில அரசு அதைவிடக் குறைக்கலாம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு பட்டியல் போட்டது. கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நடுவில் தடுப்புள்ள நாலுவழிச் சாலையில் 100, நகர எல்லைக்குள் 70. தமிழ்நாட்டில் நடந்த ஒரு விபத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் இழப்பீட்டு வழக்கை விசாரித்தபோது, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்து தீர்ப்பளித்தது. சாலை நல்லா இருக்கு, இன்ஜின் நல்லா இருக்கு, வேகத்தைக் கூட்டலாம் என்பது அரசின் வாதம். வேகம்தான் பெரும்பாலான சாவுக்குக் காரணம், அப்புறம் ஏன் கூட்டுகிறீர்கள் என்பது நீதிமன்றத்தின் கேள்வி.

நான் கேட்பது இன்னொரு கேள்வி. அந்தப் பட்டியல் எதை எண்ணியது? வழித்தடம் எத்தனை என்று எண்ணியது. அதில் யார் யார் போகிறார்கள் என்று எண்ணவில்லை.

நம்ம நாலுவழிச் சாலை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். நடுவில் மீடியன் இருக்கும். அதில் ஊருக்கு ஒரு இடைவெளி இருக்கும். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிடும். இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா குறுக்கே வருவார். தப்பான திசையில் ஒரு பைக் வரும். காகிதத்தில் அது 100 போகும் சாலை. நிஜத்தில் அது 50-ம் 30-மாக இருக்க வேண்டிய சாலை. அந்த அம்மாவுக்குக் காகிதத்தில் இடமே இல்லை.

நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கு. 2023 நவம்பரில் சென்னையில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30 என்று காவல்துறை வைத்தது. யமுனா விரைவுச்சாலையில் மூடுபனி மாதங்களில் வரம்பைக் குறைக்கிறார்கள், பிரான்சில் மழைக்குக் குறைப்பதுபோல. லாரி, பேருந்து போன்ற வாகனங்களில் 80-க்கு மேல் போகாத ஸ்பீடு கவர்னர் வேண்டும் என்று 2015-லேயே விதி வந்தது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கு. கோத்து ஒரு மாலையாக்கத்தான் ஆள் இல்லை.

ஓட்டுநர் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வேகத்துக்கு உங்களை மட்டும் குத்தம் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. லோடு நேரத்துக்கு இறங்கலைன்னா வாடகையில் பிடித்தம். தூங்கினால் ஒரு டிரிப் போச்சு. பலகை மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், இ-சலான் மட்டும் சரியாக வீட்டுக்கு வரும். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "மெதுவாகப் போ" என்று சுவரில் எழுதினால் போதுமா?

ஆகவே நமது கட்சி முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. வேக வரம்பை வழித்தடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வைக்காதீர்கள். நடப்பவர், குறுக்குச் சந்திப்பு, எதிரெதிர் போக்குவரத்து, இந்த மூன்றையும் பார்த்து வையுங்கள். 30, 50, 70, 100 என்ற அடிப்படையை நாடு முழுவதற்கும் விதியாக்குங்கள்.

2. 100-லிருந்து ஊருக்குள் நுழையும் சாலையில் 80, 60 என்று படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பலகையைத் திரும்ப வையுங்கள். மாநில எல்லையிலும் டோல்கேட்டிலும் எந்த வண்டிக்கு என்ன வேகம் என்று அந்தந்த மாநில மொழியில் எழுதி வையுங்கள்.

3. கேமரா எத்தனை கிலோமீட்டர் கூடினால் பிடிக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பலகை இல்லாத இடத்தில் அபராதம் இல்லை என்பது விதியாகட்டும்.

4. லோடு ஏற்றும் நிறுவனங்கள் வேக வரம்புக்குள் போய்ச் சேர முடியாத நேரத்தை ஓட்டுநர் மேல் திணித்தால், அந்த நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் சொல்லட்டும்.

5. 2030-க்குள் சாலைச் சாவைப் பாதியாகக் குறைப்பது ஐ.நா. அறிவித்த இலக்கு. மக்கள் கலந்து நடமாடும் இடத்தில் 30 என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி அறிவித்தன. சாலை வகைக்கு ஏற்ற பொது அளவுகோல், ஒரே மாதிரிப் பலகை என்ற கோரிக்கையை இந்தியா அந்த மேடைகளில் முன்னெடுக்க வேண்டும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு.

ஆட்டோபானை வரம்பில்லாமல் விட்டிருக்கும் ஜெர்மனியை நம் இளைஞர்கள் பலர் ஆசையாகப் பார்ப்பது தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆட்டோபானில் நடந்து போக ஆளுக்கு அனுமதி இல்லை, சைக்கிள் வராது, மாடு வராது, மீடியனில் இடைவெளி கிடையாது. அதே ஜெர்மனியில் ஊருக்குள் நுழைந்தால் 50 தான். வேகத்தை மட்டும் கடன் வாங்கிவிட்டு, சாலையைக் கடன் வாங்க மறந்துவிடக் கூடாது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் வேகப் பலகை எங்கே இருக்கு, எங்கே இல்லை, எங்கே மக்கள் குறுக்கே கடக்கிறார்கள் என்று பாருங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு புகைப்படம் எடுங்கள். ஊர் பெயரோடு இந்தப் பதிவின் கீழே போடுங்கள். அதைத் தொகுத்து மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் மனுவாகக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கொடுத்த பிறகு என்ன ஆனது என்பதையும் இதே பக்கத்தில் எழுதுவோம்.

அடுத்த முறை சிவப்பு வட்டத்துக்குள் அந்த எண்ணைப் பார்க்கும்போது அபராதத்தை நினைக்காதீர்கள். புல்லுக்கட்டோடு குறுக்கே வரும் அந்த அம்மாவை நினையுங்கள். விழித்திருக்கும் உங்கள் வீட்டை நினையுங்கள்.

நிதானமாகப் போங்க. பத்திரமாக வந்து சேருங்க.



#ஒரே_விதி_ஒரே_பலகை #சாலைப்_பாதுகாப்பு